ஆயாக்கொட்டாயில் ஐந்து வால்கள்

மலாயாவில், ஜோகூரின் கோத்தா திங்கிப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது படிப்பினால்தான். மூவாரில் கன்னியாஸ்திரீகளிடம் நான்கு வகுப்பு வாசித்திருந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்தவளுக்குப் பிள்ளைகளின் அழுகையை நிறுத்தவும் தெரியும் என்று தோட்டத்து ஆபீஸைப் பார்த்துக்கொண்ட பெரிய கிராணிக்கு எப்படித் தோன்றியதோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் புருஷன் பால்வெட்டுகிறவர். நானும் அவரோடு உளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஓடிக்கொண்டிருந்தவள்தான். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியும் எனக்குப் பிள்ளை இல்லை. இவள் ஊரார் பிள்ளைகளோடாவது இருக்கட்டும் என்று எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. அந்தப் பரிதாபம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் கொசுக்கடியில் அலைவதைவிடக் கூரைக்குக் கீழே உட்காரலாமே என்று ஒப்புக்கொண்டேன். உட்காரலாம் என்று நினைத்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

தாய்மார்கள் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகைதான் ஆயாக்கொட்டாய். ஆறு பெருகினால் தண்ணீர் ஏறும் என்பதால் பலகைத் தரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள், அவற்றில் கைக்குழந்தைகள். கீழே பாயில் தவழ்கிறவை, தத்துகிறவை, ஓடுகிறவை, கடிக்கிறவை. விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அம்மாக்கள் மூட்டையை இறக்குவதுபோலப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு பிற்பகல்வரை அந்தச் சாம்ராஜ்யத்துக்கு நான்தான் ராணி, நான்தான் தோட்டி.

யாருக்கும் சொந்தமில்லாத செவலை நாய் ஒன்று தோட்டத்தில் திரிந்துகொண்டிருந்தது. அது எங்கள் கொட்டாய்க்கு அடியில் குட்டி போட்ட செய்தியை எனக்குச் சொன்னவள் மூன்று வயதுக்காரி ஒருத்தி. அவளைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆயா என்ற பெயர் எனக்கு, அதிகாரம் அவளுக்கு. பரட்டைத் தலை, ஒழுகும் மூக்கு, இடுப்பில் கை. நான் எந்தப் பிள்ளையை அதட்டினாலும் பின்னாலேயே வந்து அதே வார்த்தையில் இன்னொரு முறை அதட்டுவாள். அன்றைக்குப் பலகையில் குப்புறப் படுத்து, இடுக்கில் கண்ணை வைத்திருந்தவள் தலையைத் தூக்கிச் சொன்னாள்:

"ஆயா, அடியில பாப்பாங்க அழுவுது. தொட்டில் கட்டு."

குனிந்து பார்த்தேன். ஐந்து குட்டிகள். இரண்டு கறுப்பு, இரண்டு செவலை. ஐந்தாவது செவலைதான், ஆனால் கரிச்சட்டிக்குள் தலையை விட்டு எடுத்ததுபோல மூஞ்சி மட்டும் கறுப்பு. கழுத்தில் லைசென்ஸ் தகடு இல்லாத நாயைத் தோட்டத்தில் விட்டுவைப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஜாகா, அதாவது எங்கள் பஞ்சாபிக் காவல்காரர், துப்பாக்கியோடு சுற்றி வருவார். குட்டிகளுக்குத் தோட்டாவை வீணாக்க மாட்டார்கள். சாக்கும் ஆறும் போதும்.

குட்டிகளை எடுத்துப்போய் விறகுக் கொட்டகையில் வைத்தேன். நான் கைகழுவித் திரும்புவதற்குள் தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுவந்து பழைய இடத்தில் சேர்த்துவிட்டது. மறுநாள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்தேன். அங்கிருந்தும் வந்துவிட்டன. கடைசிக் குட்டியை இறக்கிவிட்டு அது என்னை ஒரு பார்வை பார்த்தது. உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கிற பார்வை. பிள்ளை வளர்க்கிற இடம் இதுதான் என்று அது முடிவுகட்டிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் இல்லை.

கண் திறந்து, கால் ஊன்றத் தெரிந்ததும் ஐந்தும் பின்வாசல் படி வழியாக மேலே வர ஆரம்பித்தன. முன்னங்கால் பலகையில், வயிறு விளிம்பில், பின்னங்கால் இரண்டும் காற்றில் உதைத்துக்கொண்டிருக்கும். அந்த மூன்று வயது அதிகாரி அம்மாள் பின்னாலிருந்து கையைக் கொடுத்துத் தள்ளுவாள். வந்தவற்றைத் துரத்த எனக்கு மனம் வரவில்லை. சரி, வந்தது வந்தீர்கள், ஒழுங்காக இருக்கப் பழகுங்கள் என்று விளையாட்டை ஆரம்பித்தேன்.

முதல் விளையாட்டு மங்கு விளையாட்டு. கஞ்சி நேரத்தில் மங்கு என்கிற எனாமல் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுவேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். அதையே குட்டிகளுக்கும் பழக்கினேன். மங்கைத் தட்டிவிட்டு, விரலில் கஞ்சியைத் தொட்டுத் தூரத்தில் காட்டுவது, வந்தால் நக்கலாம். முதல் நாள் பாதிப் பாயைக் கடப்பதற்குள் எல்லாம் தூங்கிவிட்டன. அந்தக் கறுத்த மூஞ்சிக் குட்டி, சட்டிமூஞ்சி என்று பேர் வைத்திருந்தேன், அது மட்டும் எப்படியோ வந்து சேர்ந்து, மங்குக்குள் தலையை வைத்துக்கொண்டு தூங்கியது. மூச்சு விட விடக் கஞ்சியில் குமிழி வந்தது. நான் சிரித்த சிரிப்பில் தொட்டில்களில் இருந்ததெல்லாம் எழுந்து அழுதது. கொஞ்ச நாள் போனபின், தட்டின மாத்திரத்தில் பிள்ளை, குட்டி, பிள்ளை, குட்டி என்று கலந்து உட்கார்ந்து எல்லா வாயும் திறந்திருக்கும். யாருக்கு ஊட்டினேன், யாரை விட்டேன் என்று எனக்கே குழம்பும்.

இரண்டாவது, 'விடு' விளையாட்டு. என் புருஷன் சட்டையில் ஒட்டிக் காய்ந்து வரும் ரப்பர்ப் பாலை உரித்து உரித்துச் சேர்த்து ஓர் உருண்டை செய்திருந்தேன். தரையில் போட்டால் எங்கே குதிக்கும் என்று சொல்ல முடியாது. ஐந்து குட்டிகளும் அதைத் துரத்தி ஒன்றன்மேல் ஒன்று விழும். கவ்வின குட்டி உருண்டையை விடாது. அதைப் பிடித்து இழுத்தால் இன்னும் கெட்டியாகக் கடிக்கும். ஆகவே இழுக்காமல், ஒரு தேங்காய்ச் சில்லை மூக்கருகே காட்டி, "விடு" என்று மெல்லச் சொல்வேன். வாய் திறக்கும், உருண்டை விழும், தேங்காய் உள்ளே போகும். இது நாய்க்கு மட்டும் உரிய வித்தை அல்ல என்று சீக்கிரமே தெரிந்தது. பொத்தான், நத்தை, ரப்பர்க்கொட்டை என்று பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வதை எல்லாம் அதுவரை விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தேன். இப்போது "விடு" என்றால் போதும். அதிகாரி அம்மாள் இதை எனக்கு முன்பே புரிந்துகொண்டாள். வேண்டுமென்றே ரப்பர்க்கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என் எதிரே வந்து நிற்பாள்.

கஞ்சி குடித்த சூட்டோடு எல்லோரையும் பின்பக்க வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போவது மூன்றாவது. முதலில் ஒன்றுக்கு இருக்கிறவருக்கு முதலில் தட்டிக்கொடுப்பேன். குட்டிகள் குந்துவதைப் பார்த்துப் பிள்ளைகளும் குந்தின. கொட்டாய்ப் பாய்கள் நனைவது நின்றுபோனது. அம்மாக்கள் என் கைராசியைப் புகழ்ந்தார்கள். ஆனால் ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"என் மவன் தட்டுல வாய வச்சு நக்குறான் ஆயா. கூப்பிட்டா பின்னாடி ஆட்டுறான். கொட்டாய்ல என்னாதான் சொல்லிக் குடுக்கிறீங்க?"

பிள்ளைக்கு நல்ல பசி, நல்ல இடுப்பு என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குப் போனாலும் சிரிப்பு நிற்காது. சோறு போடும்போது நினைத்துக்கொண்டு சிரிப்பேன். என் புருஷன் முதலில் பயந்தார். பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரே கேட்க ஆரம்பித்தார். வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒருநாள், கொசுக்காய்ச்சலுக்குக் கசப்பான கொயினா மருந்து கொடுக்க வந்த டிரெஸர் சட்டிமூஞ்சியை மிதிக்கப் பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி முழுக்க அவர் கையில்தான். நாய் என்றால் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. முன்பு வேலை செய்த தோட்டத்தில் வெறிநாய் கடித்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அதனால் அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"இது புள்ளைங்க இருக்கிற எடம். இன்னும் ரெண்டு வாரத்துல தொரை பார்க்க வர்றாரு. ஒரு வால் கண்ணுல பட்டாலும் எல்லாத்தையும் சாக்குல கட்டி ஆத்துல போட்டுருவாங்க. நீயும் மறுபடி உளியத் தூக்க வேண்டியதுதான்."

சீனன் காய்கறித் தோட்டத்தில் காவலுக்குக் குட்டி வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள், ஆனால் பால்குடி மறந்தபிறகுதான் எடுப்பார்களாம். இன்னும் ஒரு மாதமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டிகள். தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரை வருகிற அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் ஐந்தும் பிழைத்துக்கொள்ளும். அதற்கு அவை தரைக்கடியில் போய்ச் சத்தமில்லாமல் கிடக்க வேண்டும். "ஒளி" என்று கத்தினால் துரைக்கும் கேட்கும். கைதட்டினால் டிரெஸருக்குச் சந்தேகம் வரும். ஆயாக்கொட்டாயில் எந்தச் சத்தம் யாருக்கும் வித்தியாசமாகப் படாது என்று யோசித்தேன். தாலாட்டு!

இப்படித்தான் நாலாவது விளையாட்டு பிறந்தது. பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது ஆராரோ என்று ஆரம்பிப்பேன். பாடிக்கொண்டே பின்வாசல் படியிலிருந்து தேங்காய்ச் சில்லுகளைத் தரைக்கடியில் உருட்டுவேன். குட்டிகள் பின்னாலேயே பாயும். உள்ளே போய்ச் சத்தம் போட்டால் ஒன்றும் கிடையாது; வாயை மூடிக் கிடந்தால் பலகை இடுக்கு வழியாக இன்னொரு சில்லு விழும். கொஞ்ச நாளில் தேங்காய் இல்லாமலே, முதல் ஆராரோவுக்கே ஐந்து வால்களும் மறைந்தன. பிறகு பிள்ளைகளைத் தூங்கவைக்க வேறு பாட்டு வேண்டியிருந்தது. மாதா கோயில் பாட்டுகளுக்கு மாறினேன். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மாதாவின் பாட்டைக் கேட்டுத் தூங்கின.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. தேங்காய் டப்பா நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காலியானது. எலியைத் திட்டினேன்.

துரை வந்த காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவிலேயே கேட்டது. பாய்களை உதறிப் போட்டேன், ஒரு தொட்டிலை ஆட்டினேன், ஆராரோ என்று ஆரம்பித்தேன். ஐந்து குட்டிகளும் காதைத் தூக்கின, ஒரே ஓட்டமாகப் பின்வாசலில் மறைந்தன. என்னைப்போல் கெட்டிக்காரி இந்த ஜோகூரிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

பாய் காலியாக இருந்தது. ஒரு பிள்ளைகூட இல்லை. பின்வாசலில் ஒரு சின்னப் பிட்டம் மட்டும் தெரிந்தது. அதுவும் படியில் வழுக்கி மறைந்தது.

பிறகுதான் எல்லாம் விளங்கியது. மத்தியானங்களில் அதிகாரி அம்மாள் தூங்கவே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து நான் செய்ததை எல்லாம் பார்த்துவைத்திருந்தாள். நான் தண்ணீர் எடுக்கத் தொட்டிக்குப் போகும்போதெல்லாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆராரோ பாடி, என் டப்பாவிலிருந்து தேங்காய் எடுத்து உருட்டி, பிள்ளைகள் அத்தனைபேரையும் அதே விளையாட்டில் பழக்கிவைத்திருந்தாள். பாவம், எலியை நான் திட்டின திட்டுக்கு அளவில்லை.

துரை உள்ளே வந்தார். பின்னால் டிரெஸர், அவருக்குப் பின்னால் சாக்கோடு ஜாகா. துரை தொட்டில்களைப் பார்த்தார், காலிப் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

"ஆயா, புள்ளைங்க எங்கே?"

வாய்க்காலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். எல்லோருமா என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். அப்போது தரைக்கு அடியில் யாரோ தும்மினார்கள். இன்னொருவர் "உஷ்" என்றார். துரையின் பூட்ஸுக்குப் பக்கத்தில், பலகை இடுக்கில் ஒரு சின்ன விரல் முளைத்து ஆடிவிட்டு உள்ளே போனது. டிரெஸர் முகம் சிவந்துபோனது.

"கூப்பிடு," என்றார் துரை.

அவர்களை வெளியே கொண்டுவர என்னிடம் இருந்த வழி ஒன்றுதான். மங்கைத் தட்டினால் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் அவர்களோடு குட்டிகளும் வந்துவிடும். சாக்கு எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. தட்டாமல் நின்றால், பெற்றவர்கள் நம்பி விட்டுப்போன பிள்ளைகளைக் காட்டத் தெரியாத ஆயா நான். கைக்கு மனமே இல்லை. கரண்டியை எடுத்துத் தட்டினேன்.

பின்வாசல் நிறைந்தது. மண்ணும் ஒட்டடையுமாக வந்து, வரிசையாகப் பாயில் உட்கார்ந்து, பிள்ளை, குட்டி, பிள்ளை, குட்டி என்று எல்லோரும் துரையைப் பார்த்து வாயைத் திறந்தார்கள். இவ்வளவு அழகாக ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்து தொலைத்தன.

டிரெஸர் கையைக் காட்ட, ஜாகா சாக்கை விரித்தார். வரிசையில் முதலில் இருந்த சட்டிமூஞ்சியைத் தூக்கினார். அது அவர் தாடியை நக்கியது. "அலமாக்," என்று மலாய்க்காரர்போல ஐயோ போட்டபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனாலும் சாக்கின் வாயை நோக்கி அவர் கை இறங்கியது.

அதிகாரி அம்மாள் எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். கட்டைக் குரலில், ராகம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல், ஆராரோ என்று பாடினாள்.

பாய் காலியானது. துரையின் காலுக்கு நடுவே இரண்டு, டிரெஸரை உரசிக்கொண்டு ஒன்று, பிள்ளைகள் தலைகீழாகப் படியில் சரிந்தார்கள். சட்டிமூஞ்சி ஜாகாவின் கையில் நெளிந்த நெளிவில் நழுவிக் கீழே விழுந்து ஓடியது. நழுவியதா, விட்டாரா என்று நான் அவரைக் கேட்டதில்லை. பாடி முடித்த பாடகியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசியாக இறங்கிப் போனாள்.

துரை பின்வாசலுக்குப் போய், முட்டிபோட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரைக்கடியில் எட்டிப் பார்த்தார். தாய்நாய் உறுமியது. பெரியவர்கள் யாரும் அதற்குள் புக முடியாது. அவர் அங்கே வெகுநேரம் குனிந்தே இருந்தார். அவர் தோள்கள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எழுந்தபோது முகத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டு முட்டியைத் தட்டினார். உள்ளே எத்தனை நாய் என்று டிரெஸரிடம் கேட்டார். ஐந்து குட்டி, ஒரு தாய் என்றார் டிரெஸர்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் துரை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆயா, அடுத்த மாசமும் எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

அடுத்த மாதத்துக்குள் நான்கு குட்டிகளும் தாயும் சீனன் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டன. சட்டிமூஞ்சியை என் புருஷன் எங்கள் லயத்துக்குக் கூட்டிவந்து, கழுத்தில் தகடும் கட்டினார். டிரெஸர் கொஞ்ச நாள் கழித்து என்னிடம் ஓர் உதவி கேட்டார். கொயினா கொடுக்கிற நாளில் மங்கைத் தட்டி எல்லோரையும் உட்காரவைக்க முடியுமா என்று. தட்டினேன். எல்லா வாயும் திறந்தன, எல்லா வாயிலும் கொயினா விழுந்தது. அன்றோடு மங்கின் மரியாதை போனது. பிறகு கஞ்சிக்குத் தட்டினாலும் கூட்டம் ஆற்றங்கரைப் பக்கம்தான் ஓடும்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். சட்டிமூஞ்சி அதற்குள் தடிநாயாகியிருந்தது. கொட்டாய்ப் பக்கம் அதை நான் கூட்டிப்போனதே இல்லை. வீட்டில் தாலாட்டுப் பாட அதுவரை எனக்கு ஆளும் இல்லை. குட்டியாக இருந்த நாளுக்குப் பிறகு அந்தப் பாட்டு அதன் காதில் விழவே இல்லை.

தொட்டில் கட்டின அன்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, என் பிள்ளைக்காக முதல்முறையாக ஆராரோ என்று வாயெடுத்தேன். வாசலில் கிடந்த சட்டிமூஞ்சி காதைத் தூக்கியது. எழுந்து, பெண்களை எல்லாம் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, தொட்டிலுக்கு அடியில் புகுந்து, மூச்சுக்கூட விடாமல் சுருண்டு கிடந்தது. எனக்குப் பாட்டு வரவில்லை. சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேலைக்கு அடியிலிருந்து கறுத்த மூஞ்சி ஒன்று எட்டிப் பார்த்து, என்னை நோக்கி வாயைத் திறந்தது. நான் பத்தியத்தில் இருந்தவள், எழுந்திருக்கக் கூடாது என்று எல்லோரும் தடுத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், ஒரு தேங்காய்ச் சில்லு கீறிக்கொண்டு வந்து அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் என் மகளுக்குப் பாடினேன்.